விட்டுச் செல்வது எதை?

வியாபாரிகளாகிய நாம் ஒவ்வோர் இரவும் கடையைச் சாத்துமுன் கல்லாவை எண்ணுகிறோம். வருஷ முடிவில் இருப்பெடுக்கிறோம். சரக்கு எவ்வளவு, வரவேண்டிய கடன் எவ்வளவு, கையிருப்பு எவ்வளவு என்று ஒரு காசு பிசகாமல் சொல்லுகிறோம். ஆனால், "உமக்குப் பின் உம் மக்களுக்கு எதை விட்டுச் செல்கிறீர்?" என்று ஒருவர் கேட்டால், "கடை இருக்கிறது, வீடு இருக்கிறது, ஊரில் கொஞ்சம் நிலம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அந்தப் பதில் போதுமானதா? இதுவே இக்கட்டுரையில் நான் ஆராயப் புகும் கேள்வி.

நான் ஆலிமல்லன், பட்டம் பெற்றவனுமல்லன். மதரஸாவில் ஓதி, ஆரம்பப் பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தி, வாப்பாவின் பலசரக்குக் கடையில் நின்று வளர்ந்தவன். ஆயினும் கடை சாத்திய பின் ஏதேனும் படிக்கும் பழக்கம் உண்டு. ஸ்பெயின் தேசத்தில் முஸ்லிம்கள் வாழ்ந்த சரித்திரத்தை அறியும் ஆவலில் படித்துக்கொண்டு போகையில், இடையில் ஒரு கிறிஸ்தவப் பிரபுவின் வரலாறு குறுக்கிட்டது. நான் தேடிச் சென்றது அவரையல்ல. எனினும், பல நாட்களாக அவர் என் மனத்தை விட்டு அகலவில்லை. அவர் பெயர் தொன் ஹுவான் மானுவேல்.

இவர் 1282ஆம் ஆண்டு மே மாதம் 5ஆம் தேதி எஸ்கலோனா என்னும் ஊரில் பிறந்தார். இவருடைய பாட்டனார் காஸ்டில் ராஜ்யத்தின் மன்னர் மூன்றாம் பெர்னாண்டோ. 1236இல் குர்துபாவையும் 1248இல் இஷ்பீலியா என்னும் செவில் நகரையும் முஸ்லிம்களிடமிருந்து கைப்பற்றிய அதே பெர்னாண்டோதான். இவருடைய பெரிய தந்தையார் அறிவாளி என்று புகழ் பெற்ற பத்தாம் அல்ஃபோன்சோ மன்னர். தந்தையார் இளவரசர் மானுவேல். ஹுவான் மானுவேலுக்கு இரண்டு வயது நிறையுமுன்னரே, 1283இல் தந்தை இறந்துவிட்டார். சில ஆண்டுகளில் தாயும் போய்ச் சேர்ந்தார். ஆகவே, அறியாப் பருவத்திலேயே இவர் அனாதையும் ஆனார்; பெரும் சொத்துக்கு அதிபதியும் ஆனார். வில்லேனா முதலிய பல ஊர்களும் கோட்டைகளும், முர்சியா எல்லைப்புறத்தைக் காக்கும் பொறுப்பும் இவருக்குப் பிதுரார்ஜிதமாக வந்தன.

பிற்காலத்தில் தம் மகன் பெர்னாண்டோவுக்குப் புத்திமதியாக இவர் ஒரு நூல் எழுதினார். அதில் தம் செல்வத்தைப் பற்றி அவர் சொல்லும் விதம் கவனிக்கத்தக்கது. வடக்கே நவார் ராஜ்யத்திலிருந்து தெற்கே கர்னாத்தா ராஜ்யம் வரை பிரயாணம் செய்தாலும், ஒவ்வோர் இரவும் தம்முடைய சொந்த மதில் சூழ்ந்த ஊரிலோ சொந்தக் கோட்டையிலோ தங்கிச் செல்லலாம் என்கிறார். ஏறக்குறைய ஆயிரம் குதிரை வீரர்களைத் தம்மால் வைத்துப் பராமரிக்க முடியும் என்றும் கூறுகிறார். ஸ்பெயினின் குறுக்கே எங்கு சென்றாலும் சொந்தக் கூரையின் கீழ்த் தூங்கக்கூடிய மனிதர்! இத்தகையவர் நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டுமல்லவா? அதுதான் இல்லை.

இவருடைய வாழ்நாளில் பெரும்பகுதி, வந்த சொத்தைக் காப்பதிலேயே கழிந்தது. 1296இல் ஆரகோன் மன்னர் முர்சியாமீது படையெடுத்ததில் எல்ச்சே என்னும் ஊர் கைவிட்டுப் போயிற்று. அதற்கு ஈடாக அலார்கோன் என்னும் ஊரைக் காஸ்டில் மன்னரிடமிருந்து கேட்டுப் பெற்றார். பின்னர் காஸ்டிலில் பச்சிளம் குழந்தை மன்னரானபோது, அவருக்காக ராஜ்யத்தை ஆளும் பிரதிநிதிகளில் ஒருவராகவும் இருந்தார். அந்தக் குழந்தைதான் பதினோராம் அல்ஃபோன்சோ. 1325இல் பதினான்கு வயதில் ஆட்சியைத் தம் கையில் எடுத்துக்கொண்ட அந்த மன்னர் செய்த முதற்காரியங்களில் ஒன்று, ஹுவான் மானுவேலின் மகள் கொன்ஸ்தான்சாவைத் தமக்கு மணம் பேசியது. மகள் ராணியானால் சொத்துக்கு அசைக்க முடியாத பாதுகாப்பு என்று தகப்பனார் மகிழ்ந்தார். அதற்குமுன் வேறொரு பிரபுவோடு செய்திருந்த உறவை உதறிவிட்டு மன்னர் பக்கம் சாய்ந்தார். கைவிடப்பட்ட அந்தப் பிரபு மறு ஆண்டிலேயே மன்னரின் ஆணையால் கொல்லப்பட்டார். 1327இல் மன்னர் கொன்ஸ்தான்சாவையும் வேண்டாம் என்று தள்ளி, போர்த்துகல் அரசகுமாரியை மணக்க ஏற்பாடு செய்தார். தள்ளியதோடு நில்லாமல், அந்தச் சிறு பெண்ணைத் தோரோ என்னும் ஊர்க் கோட்டையில் காவலில் வைத்தார்.

தந்தை பொங்கியெழுந்தார். மன்னருக்குத் தாம் கட்டுப்பட்டவரல்லர் என்று அறிவித்துப் போர் தொடுத்தார். முந்திய ஆண்டில்தான் கர்னாத்தாவின் படையைப் போர்க்களத்தில் முறியடித்தவர், இப்போது அதே கர்னாத்தா சுல்தானிடம் உதவி வேண்டித் தூது அனுப்பினார். பல ஆண்டுகள் சண்டையும் சமாதானமுமாக மாறி மாறிக் கழிந்தன. கடைசியில் மன்னரோடு இணங்கி, 1340இல் சாலாதோ ஆற்றங்கரையில் நடந்த பெரும்போரில் அவர் பக்கமே நின்று முஸ்லிம் படைகளோடு பொருதார். அதே ஆண்டில் கொன்ஸ்தான்சா, போர்த்துகல் இளவரசர் பெத்ரோவுக்கு மனைவியாகச் சென்றாள். அங்கும் அவளுக்குச் சுகமில்லை. உடன் சென்ற தோழி இனெஸ் தெ காஸ்த்ரோவிடமே கணவரின் உள்ளம் போயிற்று.

நேயர்களே, இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெண்ணின் நினைவே மேலோங்கி நின்றது. மகளுக்காகச் சொத்தைச் சேர்க்கிறோம் என்று நாம் எல்லோரும் சொல்லுகிறோம். அந்தப் பிரபுவும் அப்படித்தான் சொல்லியிருப்பார். ஆனால் நடந்தது என்ன? மகளுக்காகச் சொத்து என்பது மாறி, சொத்துக்காக மகள் என்றாகிவிட்டது. காவற்காரனாக வைத்த நாய் வீட்டுக்காரனையே கட்டி இழுத்துச் சென்ற கதைதான்.

இவர் வெறும் போர்வீரராக மட்டும் இருந்திருந்தால் இவரைப் பற்றி இன்று எழுத வேண்டிய அவசியம் இல்லை. இவர் சிறந்த எழுத்தாளர். 1335இல் ஐம்பதுக்கு மேற்பட்ட கதைகள் அடங்கிய ஒரு நூலை எழுதி முடித்தார். லூக்கானோர் என்னும் பிரபு தமக்கு ஏற்படும் சிக்கல்களைச் சொல்ல, பத்ரோனியோ என்னும் ஆலோசகர் ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லி வழி காட்டுவதாக அமைந்தது அந்நூல். அதில் ஒரு கதை ஜவுளி வியாபாரிகள் அவசியம் அறிய வேண்டியது.

மூன்று எத்தர்கள் ஓர் அரசனிடம் வந்து, தாங்கள் அதிசயமான துணி நெய்வோம் என்றனர். ஒருவன் தன் தகப்பன் என்று ஊரார் சொல்லுபவருக்கே உண்மையில் பிறந்திருந்தால்தான் அத்துணி அவன் கண்ணுக்குத் தெரியுமாம், இல்லாவிட்டால் தெரியாதாம். அரசனுக்கு உள்ளூர ஆசை பிறந்தது. அந்நாட்டில் உண்மையான மகனுக்கே தகப்பனின் சொத்து சேரும். ஆகவே துணி கண்ணில் படாதவர்களின் சொத்தையெல்லாம் தன் கஜானாவில் சேர்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டான். பொன்னும் வெள்ளியும் பட்டும் வாரிக் கொடுத்தான். பார்த்துவர அனுப்பப்பட்ட அதிகாரி தறியில் ஒன்றுமே காணவில்லை. சொன்னால் தன் மானம் போகும், சொத்தும் போகும் என்று அஞ்சி, "ஆகா, அற்புதம்!" என்றான். அரசனும் போய்ப் பார்த்தான், ஒன்றும் தெரியவில்லை. ராஜ்யமே கைவிட்டுப் போய்விடும் என்று நடுங்கி, மற்றவர்களைவிட அதிகமாகப் புகழ்ந்தான். பண்டிகை நாளன்று எத்தர்கள் அளவெடுப்பது போலும் வெட்டுவது போலும் தைப்பது போலும் பாவனை செய்து அரசனுக்கு "உடுத்தி" விட்டனர். அரசன் குதிரைமீதேறி ஊர்வலம் வந்தான். பிரபுக்கள் முதல் பாமரர் வரை ஒருவர் வாயும் திறக்கவில்லை. கடைசியில், அரசனின் குதிரையைப் பராமரிக்கும் கறுப்பின ஏழை ஒருவன் முன்வந்தான். தன்னை யாருடைய மகன் என்று சொன்னாலும் தனக்குக் கவலை இல்லை. ஆகவே உள்ளதைச் சொல்லுகிறேன், ஒன்று நான் குருடன், இல்லையேல் தாங்கள் உடையில்லாமல் வருகிறீர்கள் என்றான். அதன் பின்னரே ஒவ்வொருவராகப் பயம் தெளிந்தனர். எத்தர்கள் அதற்குள் பொருளோடு மறைந்துவிட்டனர்.

இக்கதை ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பின் டென்மார்க் தேசத்து ஆண்டர்சன் கையில் வேறு உருவம் பெற்று, சிறு பிள்ளை உண்மையைச் சொல்லுவதாக உலகமெங்கும் பரவியது. ஆனால் மூலக் கதையில் உண்மையைச் சொன்னவன் பிள்ளையல்லன். இழப்பதற்கு ஒன்றுமில்லாத மனிதன். அந்த வேறுபாட்டில்தான் பெரிய படிப்பினை இருக்கிறது. அந்த ஊரார் எல்லோருக்கும் நல்ல கண்தான் இருந்தது. ஆனால் சொத்து போய்விடுமோ என்ற அச்சம் அந்தக் கண்களை மறைத்தது. வந்த சொத்தை இழந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறவன், இல்லாத துணியையும் இருப்பதாகச் சொல்லுவான். இருக்கிற உறவையும் இல்லாததாகச் சொல்லுவான்.

வியப்பு என்னவென்றால், இதை எழுதியவர் தம் பிதுரார்ஜிதத்துக்காக ஆயுள் முழுதும் போராடிய அதே பிரபு! இவ்வளவு தெரிந்தவர் ஏன் அப்படி வாழ்ந்தார் என்று நாம் கேட்கலாம். "அவர் வேஷதாரி" என்று சொல்லித் தள்ளிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறிவது வேறு, விடுவது வேறு. சர்க்கரை வியாதிக்காரர் சர்க்கரை தீங்கு என்று அறியாமலா இருக்கிறார்?

முதுமையில் அவர் எழுதிய மற்றொரு சிறு நூலில் இதற்கு ஒரு குறிப்பு கிடைக்கிறது. பாட்டனார் பெர்னாண்டோ 1252இல் மரணப் படுக்கையில் இருந்தபோது, மூத்தவர்களுக்கெல்லாம் ராஜ்யமும் நிலமும் போக, முதல் மனைவியின் மக்களில் இளையவரான மானுவேலுக்குக் கொடுக்க நிலம் ஒன்றும் இல்லையாம். ஆகவே தம் வாளையும், தம் ஆசீர்வாதத்தையும் கொடுத்தாராம். லொபேரா என்று பெயர் பெற்ற அந்த வாள் என்று கருதப்படுவது செவில் நகரப் பெரிய தேவாலயத்தில் வைக்கப்பட்டுள்ளது. இது முதல் சம்பவம்.

இரண்டாவது, ஹுவான் மானுவேலுக்குப் பன்னிரண்டு வயதில் நேர்ந்தது. மன்னர் நான்காம் சாஞ்சோ 1295இல் நோய்வாய்ப்பட்டு முடிவை எதிர்நோக்கிக் கிடந்தார். அனாதைச் சிறுவனிடம் அவருக்குப் பிரியம் உண்டு. ஆனால் விடை கொடுக்கும்போது, உனக்கு என் ஆசீர்வாதத்தைத் தர என்னால் இயலாது என்று மன்னர் வருந்தினாராம். காரணம், அவர் தம் தந்தை பத்தாம் அல்ஃபோன்சோவை எதிர்த்துக் கலகம் செய்தவர். தந்தையின் சாபத்தை வாங்கியவர். தம்மிடம் இல்லாத ஒன்றை எவரும் பிறருக்குக் கொடுக்க இயலாதல்லவா? உன் தகப்பனுக்கோ அவர் தந்தையின் ஆசீர்வாதம் கிடைத்தது, அது உன்னிடம் இருக்கிறது என்று மன்னர் அச்சிறுவனிடம் சொன்னதாக அந்நூல் கூறுகிறது.

இதில் குலப்பெருமை பேசும் நோக்கமும் அவருக்கு இருந்திருக்கும். இருந்தாலும் என்ன? காஸ்டில் ராஜ்யம் முழுதும் கையில் வைத்திருந்த ஒரு மன்னர், "என்னிடம் இல்லை" என்று சொன்ன ஒரு பொருள் இருந்தது. அதை எந்தத் தஸ்தாவேஜும் மாற்றித் தராது. எந்தப் பணமும் வாங்கித் தராது. நம்மிடையே துஆ பரக்கத் என்று சொல்லுகிறோமே, அந்த வகையைச் சேர்ந்தது அது. நிலத்தைப் பங்கிடும்போது ஒருவனுக்குக் கொடுத்தால் மற்றவனுக்குக் குறையும். இதுவோ எத்தனை பேருக்குக் கொடுத்தாலும் குறையாது. ஆனால் முதலில் கொடுப்பவனிடம் இருக்க வேண்டும்.

இனி, அவர் விட்டுச் சென்றவை என்ன ஆயின என்று பார்ப்போம். ஹுவான் மானுவேல் 1348இல் மறைந்தார். மகன் பெர்னாண்டோ தந்தைக்குப் பின் சில ஆண்டுகளே உயிரோடிருந்தார். அவருடைய ஒரே சிறு மகள் பிளாங்காவும் 1361இல் இறந்துவிட, மகன்வழி அத்தோடு அற்றுப்போயிற்று. ஹுவான் மானுவேலின் இளைய மகள் ஹுவானாவின் கணவர் என்ரீக்கே அரசுரிமைக்காகப் போராடிக்கொண்டிருந்தபோது, 1366இல் வில்லேனாவை ஆரகோன் அரச குலத்தைச் சேர்ந்த வேறொரு பிரபுவுக்குக் கொடுத்துவிட்டார். 1369இல் அவர் காஸ்டிலின் மன்னராக நிலைத்தார், ஹுவானா ராணியானாள். எந்தச் சொத்துக்காக மாமனார் மன்னரோடு பல ஆண்டு போராடினாரோ, அதைப் பதினெட்டே ஆண்டுகளில் மருமகன் தம் கூட்டாளிக்கு எடுத்துக் கொடுத்துவிட்டார்!

கதைப் புத்தகத்துக்கு என்ன நேர்ந்தது? அங்கேயும் ஒரு பாடம் உண்டு. பிரதி எடுப்பவர்கள் எழுத்தை மாற்றிப் பிழை செய்துவிடுவார்களே என்பது அவருடைய பெருங்கவலை. அதற்கு அவர் ஒரு சம்பவம் சொல்லுகிறார். பெர்ப்பிஞான் என்னும் ஊரில் ஒரு வீரர் அழகான பாட்டு ஒன்றைக் கட்டினார். ஒரு நாள் செருப்புத் தைப்பவர் ஒருவர் அதைத் தாறுமாறாகப் பாடக் கேட்டு, கோபங்கொண்டு, கத்தரிக்கோலை எடுத்து அவர் தைத்து வைத்திருந்த செருப்புகளையெல்லாம் வெட்டிப் போட்டார். வழக்கு மன்னரிடம் போயிற்று. நீ என் வேலையைக் கெடுத்தாய், நான் உன் வேலையைக் கெடுத்தேன் என்பது வீரரின் வாதம். மன்னர் சிரித்து, இனி அப்பாட்டைக் கெடுக்காதே என்று தொழிலாளிக்குச் சொல்லி, செருப்புக்கான நஷ்டத்தைத் தாமே கொடுத்தாராம்.

இந்தப் பயத்தினால் ஹுவான் மானுவேல் தம் நூல்களையெல்லாம் ஒன்றாகத் தொகுத்துத் தம் கையாலேயே திருத்தி, பெஞாஃபியேல் ஊரில் தாம் நிறுவிய மடத்தில் பத்திரமாக வைத்தார். பிழை கண்டால் அந்த மூலத்தைப் பார்த்த பின்னரே என்னைக் குறை கூறுங்கள் என்றும் எழுதி வைத்தார். அந்த மூலப் பிரதி அழிந்துவிட்டது. பாதுகாப்பான இடத்தில் வைத்தது இன்று இல்லை. எவர் எவரோ, பிழையோடும் திருத்தத்தோடும், கைமாறி எழுதிக்கொண்ட பிரதிகளே எஞ்சின. அவற்றிலிருந்துதான் 1575இல் செவில் நகரில் கதைப் புத்தகம் அச்சேறியது. அவருடைய பாட்டுப் புத்தகம் முதலிய சில நூல்கள் அடியோடு மறைந்தன. அவர் பயந்த அந்தச் செருப்புத் தைப்பவரைப் போன்றவர்கள்தான், பாட்டைத் தப்பாகப் பாடியாவது, அவர் பெயரைக் காப்பாற்றினார்கள்.

அந்தக் கதைகளும் அவர் தனியே சம்பாதித்தவையல்ல. தேன் பானையைத் தலையில் வைத்துக்கொண்டு, விற்றால் முட்டை, முட்டையிலிருந்து கோழி, கோழியிலிருந்து ஆடு என்று கனவு கண்டு பானையைப் போட்டுடைத்த பெண் ஒருத்தியின் கதை அதில் வருகிறது. நம் பாட்டிமார் சொன்ன கதைக்கு அது உடன்பிறப்பு. பாரதத்தில் பஞ்சதந்திரமாகப் பிறந்து, பாரசீகம் சென்று, எட்டாம் நூற்றாண்டில் இப்னுல் முகஃப்பஃ என்னும் அறிஞரால் "கலீலா வ திம்னா" என்று அரபியாகி, 1251இல் காஸ்டில் மொழிக்குப் போன கதைச் செல்வம் அது. குர்துபா பள்ளிவாசலை விரிவாக்கிய கலீஃபா அல்ஹகமைப் பற்றியும் ஒரு கதை எழுதி, அதில் அரபி வாக்கியம் ஒன்றையும் தம் மொழி எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார். நம்மவரோடு போரிட்டவர்தான், ஆயினும் நம்மவர் அறிவைப் பெற்றுக்கொள்ள வெட்கப்படவில்லை. பட்டா இல்லாத, பதிவு செய்யப்படாத இந்தச் சொத்து ஆயிரம் ஆண்டுகளாகக் கைமாறியும் குறையவில்லை.

இப்போது என் வீட்டு விஷயம் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். வாப்பா மௌத்தாகி நான்கு வருஷமாகிறது. பங்குகள் எவ்வளவு என்பதை மார்க்கம் வரையறுத்திருக்கிறது. அதில் எங்களுக்குள் தகராறு இல்லை. தகராறு வந்தது கடையின் பெயர்ப் பலகையில். வாப்பாவின் பெயர் தாங்கிய அந்தப் பலகை பினாங்கில் என் கடைக்கா, ஈப்போவில் காக்காவின் கடைக்கா என்று பேச்சு முற்றியது. பலகை என்னிடம் இருக்கிறது. காக்காவோடு பேச்சு நின்றுவிட்டது. பெருநாளைக்கு ஸலாம் சொல்லுவதோடு சரி.

போன மாதம் பழைய சாமான்களை ஒழுங்கு செய்கையில் வாப்பாவின் கடன் நோட்டு ஒன்று அகப்பட்டது. சில பெயர்களின்மேல் இரண்டு கோடுகள் போட்டிருந்தன. அவை வசூலானவையல்ல. கொடுக்க இயலாதவர்களின் கணக்கை நோன்புக்கு முன் வாப்பா அவராகவே தள்ளிவிடும் வழக்கம். அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் என் கடைக்கு வருகிறார்கள். காக்காவின் கடைக்கும் போகிறார்கள். பலகையைப் பார்த்து வருகிறார்கள் என்று நான் எண்ணியிருந்தேன். அந்த நோட்டைப் பார்த்த பிறகுதான், நான் இத்தனை நாளும் இல்லாத துணியைப் புகழ்ந்துகொண்டிருந்தது தெரிந்தது. வாப்பாவின் பெயர் பலகையில் இல்லை. இருந்திருந்தால் ஈப்போவில் காக்காவுக்கு ஒரு வாடிக்கைக்காரரும் இருந்திருக்க மாட்டார்.

ஆகவே சகோதரர்களே, என் தாழ்மையான அபிப்பிராயம் இதுதான். கடையையும் வீட்டையும் மக்களுக்கு விட்டுச் செல்வது தவறல்ல, அது கடமை. ஆனால் இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தையும் சேர்த்து அவர்களுக்கு விட்டுச் செல்லாதீர்கள். அந்த அச்சம் கூடவே போனால், கொடுத்த சொத்து அவர்களை ஆளும்; அவர்கள் சொத்தை ஆளமாட்டார்கள். நல்ல பெயரையும் நல்ல துஆவையும் விட்டுச் செல்ல விரும்பினால், நம்மிடம் அவை இருக்கின்றனவா என்று உயிரோடிருக்கும்போதே இருப்பெடுத்துப் பார்ப்போம். இல்லாததை எவராலும் கொடுக்க இயலாது என்பது சாஞ்சோ மன்னர் மரணப் படுக்கையில் கண்டுகொண்ட உண்மை. நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நான் ஈப்போவுக்குப் போகிறேன். வாப்பாவின் கடன் நோட்டைக் காக்காவிடம் காட்ட வேண்டும். பலகையைக் கழற்றி வண்டியில் ஏற்றிவிட்டேன். வாங்கிக்கொள்வாரா என்று தெரியாது. என் மக்கள் இருவரையும் உடன் அழைத்துப் போகிறேன், அவர்கள் பார்க்கட்டும்.

வஸ்ஸலாம்.